கினிப்பன்றிக்கு முடிப் பராமரிப்பு: சீப்பு அதிகம், தண்ணீர் கொஞ்சம்

கினிப்பன்றியை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் போகாது, யாராவது ஒருவர் கேட்பார்: "இதுக்கு எப்ப முழுக வார்க்கிறது?" நாயைக் கிணற்றடியில் கட்டிவைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பழகிய ஊர் எங்களுடையது. கேள்வி வருவது இயல்புதான். பதில்தான் பலருக்குப் பிடிப்பதில்லை: அநேகமாக வார்க்கவே தேவையில்லை. இந்தப் பிராணியின் முடிக்கு வேண்டியவை சீப்பு, ஈரமில்லாத படுக்கை, நல்ல புல். தண்ணீரின் முறை கடைசியில்தான் வரும், அதுவும் பெரும்பாலும் உடம்பின் பின்பக்கத்துக்கு மட்டும்.

ஏன் என்று விளங்க, இது எந்த நாட்டுப் பிராணி என்று தெரிய வேண்டும். பெரு, பொலிவியா பக்கத்து அந்தீஸ் மலைநாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இறைச்சிக்காக வளர்க்கத் தொடங்கிய கொறித்துண்ணி இது. பன்றிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மலைக்குளிரைத் தாங்குகிற அடர்ந்த முடி இதற்கு உண்டு. எங்களைப்போல வியர்த்து உடம்பைக் குளிர்த்திக்கொள்ள முடியாது. 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை சுகமாக இருக்கும். 27 பாகையைத் தாண்டினால் வெப்பம் தாக்குகிற ஆபத்து தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்தின் சித்திரை, வைகாசி வெயில் எத்தனை பாகைக்கு ஏறும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே இங்கே முடியைக் கவனிப்பதில் அழகு இரண்டாம் பட்சம். சிக்குப் பிடித்து ஈரம் ஊறிய முடி, இந்தச் சூட்டில் அந்தச் சின்ன உடம்பின்மேல் போர்த்திய கம்பளிதான்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை முடி என்று பாருங்கள். கடைக்காரர் சொல்லும் இனப்பெயரை அதிகம் நம்ப வேண்டாம், இங்கே கிடைப்பவற்றில் கலப்புகள் நிறைய. முடி கட்டையாகவும் வழுவழுப்பாகவும் படிந்து கிடந்தால் அது அமெரிக்கன் வகை. உடம்பெல்லாம் சுழி சுழியாக முடி எழுந்து நின்றால் அபிசீனியன். நல்ல அபிசீனியனுக்கு எட்டு முதல் பத்துச் சுழி வரை இருக்கும். முடி நீளமாக வளர்ந்து முகத்தின் மேலேயும் விழுந்தால் பெருவியன். நீளமாக இருந்தும் முகத்தில் விழாமல் பின்னோக்கிப் படிந்தால் ஷெல்டி. நீளமும் சுருளுமாக இருந்தால் டெக்செல். முடியே ஏறக்குறைய இல்லாத ஸ்கின்னி என்றொரு வகையும் உண்டு. அதற்குச் சீப்பு தேவையில்லை, ஆனால் வெயிலில் தோல் வெந்துபோகும்.

கட்டை முடிக்கு வாரத்தில் ஒருமுறை சீவினால் போதும். சுழி முடிக்கு இரண்டு முறை. நீள முடிக்கு நாள்தோறும். "நாள்தோறும்" என்று படித்ததும் பெருமூச்சு வந்தால், நீள முடிக்காரரை வாங்காதீர்கள். என் அபிப்பிராயம் இதில் தெளிவானது: யாழ்ப்பாணத்தில் முதன்முதலாக வளர்க்கிறவர்கள் கட்டை முடியையே எடுக்க வேண்டும். பெருவியனின் முடி மாதத்துக்கு ஓர் அங்குலம் அளவில் வளர்ந்துகொண்டே போகும், நிற்காது. வெளிநாடுகளில் கண்காட்சிக்கு வளர்க்கிறவர்கள் அந்த முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, தாளில் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு வைப்பார்களாம். நமக்கு அந்த வேலை எதற்கு? ஏற்கெனவே பெருவியன் வீட்டில் இருந்தால், மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி விடுங்கள். கண் தெரியும், காற்றும் படும். ஆனால் தோல் தெரிய மழிக்கக் கூடாது.

சீவும் முறை

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். மென்மையான குழந்தைப் பிரஷ் ஒன்று, பல் அகன்ற சீப்பு ஒன்று, பேன் சீப்பு ஒன்று, நுனி மழுங்கிய கத்தரிக்கோல். நாய்க்கு விற்கிற கம்பிப் பிரஷ் வேண்டாம், தோலைக் கீறிவிடும்.

நேரம் முக்கியம். காலை வெயில் ஏறுமுன், அல்லது பொழுதுபட்ட பிறகு. மேசையில் வைத்துச் சீவாதீர்கள். துள்ளி விழுந்தால் கால் முறியும், பல் உடையும். நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, மடியில் பழைய துவாய் ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். அது மடியில் சிறுநீர் கழிக்கும், அதற்காகத்தான் பழைய துவாய். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றக் கை பின்பக்கத்துக்குக் கீழே. வாய்க்கு முன்னால் கறிமிளகாய்த் துண்டு ஒன்று வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கழுத்தில் தொடங்கி, முடி படிந்திருக்கிற திசையிலேயே பின்னோக்கிச் சீவ வேண்டும். எதிர்த்திசையில் சீவினால் எரிச்சல்படும். நீள முடி என்றால் மேல் அடுக்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, கீழ் அடுக்கை முதலில் சீவுங்கள். மேலால் மட்டும் சீவினால் பார்வைக்கு மினுங்கும், அடியில் சிக்கு அப்படியே இருக்கும். சிக்கு ஒளிந்திருக்கிற இடங்கள் இவை: காதுக்குப் பின்னால், முன்னங்கால் கமக்கட்டு, வயிறு, பின்தொடையின் உட்பக்கம். கைவிரலால் தடவினால் சிறு உருண்டையாகத் தட்டுப்படும்.

சிக்கைக் கண்டதும் இழுக்க வேண்டாம். தோலுக்கும் சிக்குக்கும் இடையில் இரண்டு விரலால் முடியின் அடியைப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். அடியைப் பிடித்திருந்தால் இழுவை தோலுக்குப் போகாது. பிரியாவிட்டால் வெட்டத்தான் வேண்டும். அதற்கு முன் சீப்பைச் சிக்குக்கு அடியில், தோலோடு சேர்த்துச் செருகி, சீப்புக்கு மேலே மட்டும் கத்தரிக்கோல் போகும்படி வெட்டுங்கள். கினிப்பன்றியின் தோல் மெல்லியது. சிக்கைத் தூக்கினால் தோலும் கூடாரம்போல எழும்பி வரும். சீப்பு இடையில் இல்லாவிட்டால் எது முடி, எது தோல் என்று கத்தரிக்கோலுக்குத் தெரியாது.

பல்லை நறநறவென்று உரசினால் அதற்குக் கோபம். நிறுத்திவிட்டுப் பிறகு தொடருங்கள். கீச்சென்று கத்தினால் எங்கோ நோகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அசையாமல் இருக்கிறதே, நல்லா ரசிக்குது என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தாலும் இது கல்லாகச் சமைந்துபோகும். கண் பிதுங்கி, உடம்பு இறுகியிருந்தால் பயம். காலைத் தளர்த்திப் படுத்துக்கொண்டு மிளகாயைக் கறுமுறு என்று தின்றால் சுகம்.

வலிகாமம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. முற்றத்தில் மேயவிட்டால் வெள்ளை முடியின் வயிற்றுப்பக்கம் செம்மண் ஏறிச் சிவந்துவிடும். உடனே கழுவத் தோன்றும். கழுவினால் மண் குழைந்து முடியின் அடிவரை இறங்கும். காயவிட்டுப் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் பெரும்பகுதி உதிர்ந்து போகும். மிச்சமிருக்கிற இளஞ்சிவப்பு உங்கள் கண்ணுக்குத்தான் குறை, அதற்கு ஒரு கேடும் இல்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் புழுதி எல்லா இடத்திலும் ஏறும், அப்போது ஒரு தடவை கூடுதலாகச் சீவினால் சரி.

பின்பக்கம்

முடிப் பராமரிப்பில் ஆக முக்கியமான இடம் யாரும் பார்க்க விரும்பாத இடம்தான். நீள முடி பாவாடைபோலத் தொங்கினால் சிறுநீரும் புழுக்கையும் அதில் ஒட்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பின்பக்க முடியை நிலத்தில் முட்டாத அளவுக்கு வெட்டுங்கள். வெட்டும்போது ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்டுவது நல்லது. பெண்ணென்றால் முலைக்காம்பும் ஆணென்றால் மற்றதும் முடிக்குள் மறைந்திருக்கும். விரலால் தடவி இடம் பார்த்த பிறகுதான் கத்தரிக்கோலைக் கொண்டுபோக வேண்டும்.

வால் இருக்க வேண்டிய இடத்தில், முதுகு முடிகிற மேட்டில், எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. வளர்ந்த ஆண்களில் அது அதிகம் சுரக்கும். முடி பிசுபிசுத்து, மஞ்சளாகி, ஒட்டிக்கொண்டு மணக்கும். இதற்கு மருந்து குசினியிலேயே இருக்கிறது: தேங்காயெண்ணெய். ஒரு தேக்கரண்டியிலும் குறைவாக எடுத்து அந்த இடத்தில் தடவி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிசின் இளகிவிடும். பஞ்சால் துடைத்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் மிருதுவான சவர்க்காரத்தால் கழுவித் துடைக்க வேண்டும். எண்ணெயை அப்படியே விட்டால் புழுதி பிடிக்கும். ஒரே தடவையில் முழுவதும் வராவிட்டால் நகத்தால் சுரண்டாமல் அடுத்த வாரம் திரும்பச் செய்யுங்கள். வயதான ஆண்களில் மலவாயில் உள்ள தோல்மடிப்புக்குள் புழுக்கை சேர்ந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. அதை எடுக்கும் முறையை முதல் தடவை கால்நடை வைத்தியரிடம் காட்டச் சொல்லிப் பழகுங்கள்.

இவ்வளவும் எதற்கென்றால், இலையான். பின்பக்கம் நனைந்து அழுக்காகக் கிடந்தால் இலையான் அங்கே முட்டையிடும். வெள்ளைத் துகள்போல, முடியின் அடியில் கொத்தாக ஒட்டியிருக்கும். இந்தச் சூட்டில் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். புழு தோலைத் துளைத்துச் சதையைத் தின்னத் தொடங்கினால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடலாம். மாம்பழக் காலத்திலும் மழை விட்டு வெயில் எறிக்கிற நாட்களிலும் காலை ஒருக்கா, மாலை ஒருக்கா பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கூட்டைச் சுற்றி நுளம்புவலை போட்டால் பாதிப் பயம் குறையும். புழுவைக் கண்டால் அன்றைக்கே, அந்த நேரமே வைத்தியரிடம் போக வேண்டும். "நாளைக்குப் பார்ப்பம்" என்கிற நோய் இது இல்லை.

கழுவத்தான் வேண்டுமென்றால்

வயிற்றோட்டத்தால் பின்பக்கம் முழுக்க ஊறிப்போயிருந்தால் கழுவத்தான் வேண்டும். பேசினில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர், அடியில் வழுக்காமல் மடித்த துணி. பின்பாதியை மட்டும் இறக்கி, கையால் அள்ளி அள்ளி விடுங்கள். தலையையும் காதையும் நனைக்க வேண்டாம். நாய்க்குப் போடும் உண்ணி ஷாம்பு, ஆட்களின் ஷாம்பு, டெட்டோல் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரே பல நேரம் காணும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருகிற கடினநீர் அது. சவர்க்காரம் போட்டால் சரியாக நுரைக்காது, கழுவினாலும் வெள்ளையாக ஒரு படிவு முடியில் தங்கும். ஆட்களின் தலைமுடியே சொரசொரப்பாகிறது என்று சொல்கிறோமே, அதேதான். பேசினுக்கு வேண்டியது ஒன்றிரண்டு லீற்றர்தானே, சேர்த்துவைத்த மழைத்தண்ணீரையோ வாங்கிவைத்த குடிதண்ணீரையோ எடுங்கள்.

கழுவிய பிறகு துவாயால் ஒற்றி ஒற்றித் துடைத்து, வேறு துவாய் மாற்றி, தோல்வரை காய்ந்த பிறகுதான் கூட்டுக்குள் விட வேண்டும். வெயிலில் காயவைக்கக் கூடாது. கார்த்திகை, மார்கழி மழை நாட்களில் இந்த வேலையை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். அந்த ஈரக்காற்றில் முடியின் அடி காய்வதே இல்லை. சின்சில்லா என்கிற இன்னொரு கொறித்துண்ணிக்கு வைப்பதுபோல மணல் குளியல் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. தூசி மூச்சுக்குழாய்க்குப் போகும், இந்தப் பிராணிக்கு நெஞ்சு பலவீனம்.

நகம், காது, கண் மூன்றையும் சீவும் நாளிலேயே பார்த்துவிடலாம். முன்னங்காலில் நான்கு நான்கு, பின்னங்காலில் மூன்று மூன்று, மொத்தம் 14 நகம். மாதத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டுங்கள். வெள்ளை நகத்துக்குள் இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தக்குழாய், அதைத் தொடக் கூடாது. கறுப்பு நகமென்றால் போன் வெளிச்சத்தை நகத்துக்குப் பின்னால் பிடித்தால் குழாய் நிழலாகத் தெரியும். தவறி இரத்தம் வந்தால் சோளமாவில் நகத்தை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். காதின் வெளிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும், பஞ்சுக்குச்சியை உள்ளே விட வேண்டாம். கண்ணிலிருந்து பால்போல ஒரு நீர் வந்து, அதைக் கையில் எடுத்து முகம் கழுவுவதைக் கண்டால் பயப்படாதீர்கள். அது அவர்களின் வழக்கம். எப்போதும் வடிந்துகொண்டே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

முடி மினுங்குவது உள்ளே போகிறதைப் பொறுத்தது. மனிதரைப்போலவே கினிப்பன்றியின் உடம்பும் விற்றமின் சி தயாரிக்காது. தின்று பெற வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை. குறைந்தால் முதலில் முடி பொலிவிழந்து கரடுமுரடாகும், பிறகு மூட்டு வீங்கும், பல்முரசில் இரத்தம் கசியும். தண்ணீர்ப் போத்தலில் சொட்டு மருந்து விடுவதில் பயன் குறைவு. வெளிச்சமும் சூடும் பட்டு விற்றமின் சிதைந்துபோகும். கறிமிளகாய் ஒன்று, கொய்யாப்பழத்தில் ஒரு சிறு துண்டு என்று கொடுத்தால் கணக்குச் சரி. கொய்யாவில் இனிப்பும் உண்டு, அதனால் துண்டு சிறிதாகவே இருக்கட்டும்.

ஆனால் சாப்பாட்டில் பெரும்பங்கு புல்தான். வெளிநாட்டு உலர்புல் தேடி அலைய வேண்டியதில்லை, அறுகம்புல் நல்லது. வெங்காய, புகையிலைத் தோட்ட வரம்புகளில் வெட்டாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். வாய்க்கு ஓயாமல் புல் இல்லாவிட்டால் சலிப்பில் ஒன்றின் முடியை ஒன்று கடித்துத் தின்னத் தொடங்கும். கத்தரித்ததுபோல ஒழுங்கில்லாமல் வெட்டுப்பட்ட முடி, கீழே சுத்தமான தோல், சொறி இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

படுக்கைக்கு மரக்காலையிலிருந்து மரத்தூள் அள்ளிவருவது இங்கே வழக்கம். அந்த நுண்ணிய தூள் மூக்கிலும் முடியின் அடியிலும் ஏறும். பழைய பேப்பருக்கு மேல் பருத்தித் துணி விரித்து, நனைந்ததை அன்றாடம் மாற்றுவது எவ்வளவோ மேல்.

முடி கொட்டினால்

காதுக்குப் பின்னால் சிறு வழுக்கை எல்லாக் கினிப்பன்றிக்கும் உண்டு, அது பிறப்பிலேயே. வயதான பெண்ணுக்கு இரண்டு விலாவிலும் ஒரேமாதிரி முடி கொட்டினால் சூலகத்தில் நீர்க்கட்டி இருக்கலாம். விடாமல் சொறிந்து, தோள்பட்டையிலும் முதுகிலும் பொருக்கு விழுந்து, தொட்டாலே துடித்தால் அது தோலைத் துளைக்கிற சிரங்குப் பூச்சி. முற்றினால் வலிப்பே வரும், தாமதிக்க முடியாது. பேன் சீப்பில் மெல்லிய வெளிர்நிறப் பூச்சி ஊர்ந்தால் பேன். அது ஆட்களில் தங்கி வாழாது, பயம் வேண்டாம். மூக்கு, கண் ஓரத்தில் தொடங்கி வட்டமாக முடி உதிர்ந்து செதில் தெரிந்தால் படர்தாமரை. இது பிள்ளைகளுக்கும் தொற்றும். கையுறை போட்டுத் தூக்கி, துவாய் சீப்பு எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாரிகாலத்தில் ஈரக் கூட்டில் இது சீக்கிரம் வரும்.

இவற்றில் எதற்கும் மண்ணெண்ணெய், நாய் உண்ணி மருந்து, வேப்பெண்ணெய் என்று கைமருந்து பூசாதீர்கள். பூசியதை நக்கித் தின்றுவிடும். காயம் புண்ணாகிவிட்டது என்று வீட்டில் மிச்சமிருக்கிற அமொக்சிசிலினைக் கரைத்துக் கொடுப்பது அதிலும் மோசம். பென்சிலின் வகை மருந்துகளை வாயால் கொடுத்தால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, அது செத்தே போகலாம். கால்நடை வைத்தியர்கள் பலர் இங்கே அதிகம் பார்ப்பது மாடும் ஆடும்தான். ஆகவே போகுமுன் முயல், கினிப்பன்றி பார்ப்பாரா என்று போனில் கேளுங்கள். குசினித் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொண்டு போனால் மருந்தின் அளவைக் கணக்கிட அவருக்கு உதவும். வளர்ந்தது என்றால் 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். கொண்டுபோகும் பெட்டியில் காற்றோட்டமும் ஒரு பிடி அறுகம்புல்லும் இருக்கட்டும், மத்தியான வெயிலில் மட்டும் புறப்பட வேண்டாம்.